கத்தி மழுங்கினால் எதை வாங்குவது?

பழுத்த தக்காளி ஒன்றைப் பலகையில் வையுங்கள். கத்தியை அழுத்தாமல், அதன் எடை மட்டும் தோலின் மேல் இருக்கும்படி மெல்ல இழுங்கள். தோல் பிளந்து உள்ளே இறங்கினால் உங்கள் கத்திக்கு இப்போதைக்கு வைத்தியம் எதுவும் வேண்டாம். வழுக்கிக்கொண்டு ஓடினாலோ, தோல் அமுங்கிச் சாறு பிதுங்கினாலோ கத்தி மொக்கையாகிவிட்டது என்று பொருள். அழுத்தி வெட்டிச் சமாளித்துவிடலாம்தான். ஆனால் அழுத்தும் கத்திதான் வழுக்கும், வழுக்கும் கத்திதான் விரலைத் தேடிப் போகும். வெங்காயம் கண்ணை எரிப்பதிலும் மொக்கைக் கத்திக்குப் பங்கு உண்டு. அது வெங்காயத்தை வெட்டுவதைவிட நசுக்குவதுதான் அதிகம்.

சரி, கூர் தீட்ட ஏதாவது வாங்கலாம் என்று தேடினால் குழப்பம் அங்கே தொடங்குகிறது. நீளமான கம்பி ஒன்று, செங்கல் வடிவில் கல் ஒன்று, கத்தியைச் செருகி இழுக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, மோட்டார் வைத்த இயந்திரம் ஒன்று, மேசையில் உருட்டும் உருளை ஒன்று. எல்லாவற்றின் அட்டையிலும் ‘ஷார்ப்னர்’ என்றே போட்டிருக்கும். ஆனால் இவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. எது வேண்டும் என்பதை உங்கள் கத்தியின் விளிம்புக்கு என்ன நேர்ந்திருக்கிறது, அது என்ன எஃகு என்ற இரண்டு கேள்விகள்தான் முடிவு செய்யும்.

விளிம்புக்கு என்ன ஆகிறது?

கத்தியின் இரண்டு பக்கச் சரிவுகளும் வந்து சந்திக்கும் கோடுதான் வெட்டுகிறது. நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்தக் கோட்டின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாக இருக்கும். தலைமுடி ஒன்று ஏறத்தாழ 70 மைக்ரான். இவ்வளவு மெல்லிய எஃகு கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ மோதினால் என்ன ஆகும்? மென்மையான எஃகாக இருந்தால் ஒரு பக்கமாகச் சாயும், மடங்கும். கடினமான எஃகாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத சில்லுகளாக உடையும். இரண்டும் இல்லாவிட்டாலும் நாளடைவில் தேய்ந்து உருண்டுபோகும். எலுமிச்சை, புளி, மாங்காய் நறுக்கிவிட்டுக் கழுவாமல் போட்டால் அமிலமும் தன் பங்குக்கு அரிக்கும்.

மென்மையான காயை வெட்டி எஃகு எப்படி மழுங்கும் என்று கேட்பவர்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் ‘சயின்ஸ்’ இதழில் சவர பிளேடு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முடியைவிட எஃகு ஏறத்தாழ 50 மடங்கு கடினம். அப்படியிருந்தும் முடியை மழிக்கும்போது பிளேடின் விளிம்பு சில்லு சில்லாகப் பெயர்வதை அவர்கள் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எஃகின் உள்ளமைப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லாததும், முடி ஒரு பக்கம் சாய்ந்து விளிம்பில் மோதுவதும் சேர்ந்தால் அது போதுமாம். சமையலறையில் காயைவிட, காய்க்கு அடியில் இருப்பதுதான் பெரிய எதிரி. கண்ணாடிப் பலகை, கிரானைட், தட்டு மூன்றையும் விட்டுவிட்டு மரத்துக்கோ பிளாஸ்டிக் பலகைக்கோ மாறினாலே தீட்டும் வேலை பாதியாகிவிடும். நறுக்கியதைப் பலகையிலிருந்து வாணலியில் தள்ளும்போது கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

மழுங்கலைக் கண்ணாலும் பார்க்கலாம். கத்தியின் விளிம்பை மேலே பார்க்கும்படி டியூப்லைட்டுக்கு அடியில் பிடியுங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது, அங்கே எதுவுமே தெரியாது. வெள்ளைக் கோடாகவோ அங்கங்கே புள்ளியாகவோ மினுங்கினால் அந்த இடங்களில் கூர் போய்விட்டது.

அடுத்தது எஃகு. கத்தி எஃகின் கடினத்தை ராக்வெல் என்னும் அளவால் சொல்வார்கள். ஜெர்மானியப் பாணிக் கத்திகள் பொதுவாக 55 முதல் 58 வரை. ஜப்பானியக் கத்திகள் பல 60-ஐத் தாண்டும். நம் பாத்திரக் கடைகளில் பிளாஸ்டிக் பிடியோடு தொங்கும் கத்திகளில் எண் எதுவும் போட்டிருக்காது. அவை பெரும்பாலும் மென்மையான ஸ்டெயின்லெஸ். மென்மை என்பது குறை என்று நினைக்க வேண்டாம். சீக்கிரம் மழுங்கும், அதே அளவு சீக்கிரம் கூராகவும் ஆகும்.

கம்பி

கத்தி செட்டோடு இலவசமாக வரும் அந்த நீண்ட கம்பி கத்தியைத் தீட்டுவதில்லை என்றே சொல்லலாம். மடங்கிய விளிம்பை நிமிர்த்துவதுதான் அதன் முதல் வேலை. கசங்கிய ஓலை நுனியை விரலால் நீவி நேராக்குகிற மாதிரி. கசாப்புக் கடையில் இரண்டு வெட்டுக்கு ஒருமுறை கத்தியைக் கம்பியில் சரக் சரக்கென்று இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எலும்பில் பட்டுச் சாய்ந்த விளிம்பை உடனுக்குடன் நேராக்கிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு அந்த வேகமும் வீச்சும் வேண்டாம். கம்பியின் நுனியைப் பலகையில் ஊன்றி நிறுத்தி, கத்தியைச் சரிவாக வைத்து, மேலிருந்து கீழாகப் பக்கத்துக்கு நான்கைந்து முறை மென்மையாக இழுத்தால் போதும்.

வரிவரியாகக் கோடு போட்ட எஃகுக் கம்பி மென்மையான கத்திக்குச் சரி. ராக்வெல் 60 உள்ள ஜப்பானியக் கத்தியை அதில் இழுத்தால் விளிம்பு நிமிராமல் சில்லாகப் பெயரும். அதற்கு செராமிக் கம்பி நல்லது. செராமிக் எஃகைவிடக் கடினமானது என்பதால் நிமிர்த்துவதோடு கொஞ்சம் தேய்க்கவும் செய்யும். வாங்கும் முன் சோதித்துப் பார்க்க வேண்டுமா? வீட்டில் இருக்கும் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்புப் பூச்சு இல்லாத வளையம் ஒன்று தெரியும். அதில் கத்தியை நான்கு முறை சரிவாக இழுத்துவிட்டுத் தக்காளியை வெட்டிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் உங்கள் கத்திக்கு மேலோட்டமான சிகிச்சையே போதும். தெரியாவிட்டால் விளிம்பு தேய்ந்துபோயிருக்கிறது, நிமிர்த்துவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. எஃகை அரைத்துப் புது விளிம்பு எடுத்தாக வேண்டும்.

செருகி இழுக்கும் பெட்டி

அதிகம் விற்பதும், அதிகம் திட்டு வாங்குவதும் இதுதான். பிளவுக்குள்ளே கார்பைடு என்னும், எஃகைவிடக் கடினமான பொருளின் இரண்டு துண்டுகள் ‘வி’ வடிவில் நிற்கின்றன. கத்தியை இழுக்கும்போது அவை இரு பக்கத்திலிருந்தும் எஃகைச் சுரண்டி எடுக்கின்றன. இழுத்து முடித்ததும் கீழே விழும் இழைகளைப் பார்த்தால் எவ்வளவு போகிறது என்று புரியும். விளிம்பு கூராகத்தான் இருக்கும், ஆனால் கரடுமுரடாக இருக்கும். அதனால் சீக்கிரமே மறுபடி மழுங்கும், மறுபடி சுரண்ட வேண்டும். கோணத்தையும் பெட்டிதான் முடிவு செய்கிறது, உங்கள் கத்தி எந்தக் கோணத்தில் செய்யப்பட்டது என்று அதற்குத் தெரியாது. பிடியை ஒட்டிய அடிப்பகுதியில் சரியாகப் படாததால் சில வருடங்களில் அங்கே ஒரு குழிவு விழும்.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் நூறு ரூபாய்க் கத்திக்கு இதை வாங்குபவரை நான் குறை சொல்ல மாட்டேன். கல்லைத் தொடவே மாட்டேன் என்று தெரிந்தவர், மொக்கைக் கத்தியோடு மல்லுக்கட்டுவதைவிட இது மேல். அழுத்தாமல், அடியிலிருந்து நுனி வரை ஒரே திசையில் இரண்டு மூன்று முறை மட்டும் இழுங்கள். பெட்டியில் கார்பைடுக்குப் பக்கத்தில் செராமிக் பிளவும் இருந்தால் அன்றாடத்துக்கு அதையே பயன்படுத்துங்கள். விலை உயர்ந்த கத்தியை மட்டும் இதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

கல்

நான் கல் கட்சி. ஒரே கல் நூறு ரூபாய்க் கத்தியையும் பத்தாயிரம் ரூபாய்க் கத்தியையும் தீட்டும், கோணம் உங்கள் கையில் இருக்கும், எஃகு தேவைக்கு மேல் போகாது. பழக ஒரு வார இறுதி பிடிக்கும், அவ்வளவுதான்.

கல்லில் முதலில் பார்க்க வேண்டியது எண். 400 என்றால் பெருமணல், 1000 என்றால் நடுத்தரம், 3000-க்கு மேல் நைஸ். எண் கூடக் கூடத் துகள் சிறிதாகும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானிய அளவில் 1000 என்றால் துகள் 11 மைக்ரான் சுற்று. ஐரோப்பிய உப்புத்தாள் அளவில் 1000 என்றால் 18 மைக்ரான். எனவே கல்லின் எண்ணையும் தாளின் எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம். வீட்டுக் கத்திக்கு ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 உள்ள இரட்டைக் கல் ஒன்று தாராளம். 6000, 8000 எல்லாம் மீனை ஏடு ஏடாகச் சீவுபவர்களுக்கு வேண்டும். முருங்கைக்காய்க்கும் பூசணிக்காய்க்கும் அதனால் ஒரு லாபமும் இல்லை. சொல்லப்போனால் 1000-ல் நிறுத்திய விளிம்பில் இருக்கும் நுண்ணிய சொரசொரப்புதான் தக்காளித் தோலையும் குடமிளகாய்த் தோலையும் பற்றி வெட்டுகிறது.

ஹார்டுவேர் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாம்பல் நிற இரட்டைக் கல் சிலிக்கன் கார்பைடால் ஆனது. கடையில் ‘கார்போரண்டம் கல்’ என்றோ ‘ஆயில் ஸ்டோன்’ என்றோ கேளுங்கள். தச்சர்கள் உளி தீட்டுவது இதில்தான். சென்னையில் முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-லிருந்து இந்த உராய்பொருள் தொழிலில் இருக்கிறது என்பதால் அந்தப் பெயர் நம் ஊர்க் கடைகளுக்குப் புதிதல்ல. இந்தக் கல்லின் நைஸ் பக்கம்கூட ஜப்பானிய 1000 அளவுக்கு நைஸாக இருக்காது. ஆனாலும் ஓரளவு நல்ல கூர் வரும். புதுக் கல்லாக இருந்தால் தண்ணீரே ஊற்றிக்கொள்ளுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகித் துளைகளை அடைத்துவிடும். ஒருமுறை எண்ணெய் குடித்த கல்லில் பிறகு தண்ணீர் சரியாக ஏறாது.

அதிகம் காசு செலவழிக்காமல் பழகிப் பார்க்க ஒரு வழி உண்டு. பெயிண்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பரில் 400, 1000 எண்களில் ஒவ்வொரு தாள் வாங்கி, நனைத்து, சமமான டைல்ஸ் துண்டின் மேல் ஒட்டவையுங்கள். அதுவும் ஒரு தீட்டுகல்தான். கத்தியை விளிம்புக்கு எதிர்த்திசையில், அதாவது முதுகு முன்னே போக விளிம்பு பின்னே வரும்படி மட்டும் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் தாள் கிழியும்.

இனி கோணம். புதியவர்களைப் பயமுறுத்துவது இதுதான். சாதாரணக் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி, ஜப்பானியக் கத்திக்கு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுரக் காகிதத்தின் ஒரு மூலை 90 டிகிரி. பாதியாக மடித்தால் 45, இன்னொரு முறை மடித்தால் 22.5. அந்தக் காகித ஆப்பைக் கல்லின் மேல் வைத்துக் கத்தியைச் சாய்த்துப் பார்த்தால் கைக்குக் கோணம் பிடிபடும். கத்தியின் அலகு, அதாவது பிடி நீங்கலான எஃகுத் தகடு, 4.5 செ.மீ. அகலம் என்றால் 20 டிகிரிக்கு முதுகு கல்லிலிருந்து 1.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். ஒரு டிகிரி கூடுவதும் குறைவதும் பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு இழுப்பிலும் கோணம் மாறாமல் இருப்பதுதான் விஷயம். சரியாகப் படுகிறதா என்று சந்தேகம் வந்தால் விளிம்பின் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி இரண்டு முறை தேயுங்கள். விளிம்பை ஒட்டி மை அழிந்திருந்தால் சரி. மேலே மட்டும் அழிந்து விளிம்பில் மை இருந்தால் கத்தியை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும்.

கல்லுக்கு அடியில் ஈரத்துணி விரியுங்கள், நகராது. கத்தியை ஒரு பக்கமாக, அடியிலிருந்து நுனி வரை எல்லா இடமும் கல்லில் படும்படி முன்னும் பின்னும் தேயுங்கள். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்க வேண்டாம், பிசிறு வரும்வரை. ஒரு பக்கச் சரிவு விளிம்பை எட்டிவிட்டதும் மிக மெல்லிய எஃகு இழை மறுபக்கம் எட்டிப் பார்க்கும். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்பைத் தாண்டி வெளியே போகும்படி தடவினால் தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டாதீர்கள். அடி முதல் நுனி வரை பிசிறு தட்டிய பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். கல் வாங்கியும் கூர் வரவில்லை என்று புலம்புபவர்களில் பலர் இதற்கு முன்பே நிறுத்தியவர்கள்தான்.

மறுபக்கமும் பிசிறு வந்ததும் 1000 பக்கத்துக்கு மாறி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி இழுங்கள். கடைசியில் கத்தியின் எடை மட்டும்தான் கல்லில் இருக்க வேண்டும். மிச்சமிருக்கும் பிசிறை பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்திலோ நாலாக மடித்த செய்தித்தாளிலோ முதுகு முன்னே போகும்படி இழுத்துப் போக்கலாம். முடிதிருத்துபவர்கள் சவரக்கத்தியைத் தோல் வாரில் தீட்டுவதும் இதற்காகத்தான். பிறகு கத்தியைக் கழுவுங்கள், எஃகுத் தூள் இருக்கும்.

சாணை வண்டி, மோட்டார், உருளை

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்துச் சக்கரம் சுற்றுபவர் இன்னும் சில தெருக்களுக்கு வருகிறார். கத்தியின் நுனி உடைந்துவிட்டது, விளிம்பில் பெரிய பல் விழுந்துவிட்டது, கத்தரிக்கோல் வெட்டவில்லை என்றால் அவரிடம்தான் கொடுக்க வேண்டும். வீட்டுக் கல்லில் அதைச் செய்ய அரை நாள் ஆகும். அன்றாடக் கூருக்கு அந்தச் சக்கரம் ரொம்பப் பெருமணல், அதோடு சூடும் உண்டு. சமையல் கத்தியைக் கடினமாக்கிய பிறகு சுமார் 200 டிகிரி செல்சியஸில் பதப்படுத்துவார்கள். சக்கரத்தில் விளிம்பு அதைத் தாண்டிச் சூடேறி நீலம் பூத்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, இனி எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. பொறி பறக்கத் தேய்ப்பவரிடம் அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

மின்சார இயந்திரம் ஓட்டல் சமையலறைக்குப் பொருந்தும். நிறையக் கத்தி, குறைந்த நேரம், எஃகு கொஞ்சம் அதிகமாகப் போனாலும் பரவாயில்லை. வீட்டுக்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. காந்தக் கட்டையில் கத்தியை ஒட்டவைத்து வைரத்தட்டுள்ள உருளையை உருட்டும் வகை, ஜெர்மனியின் ஹோர்ல் நிறுவனத்தால் பிரபலமானது. கோணத்தைக் கட்டையே பிடித்துக்கொள்ளும் என்பதால் கை நடுங்குபவர்களுக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கும் உண்மையாகவே உதவும். விலைதான் உறுத்தும்.

அரிவாள்மனை இருக்கிற வீட்டுக்கு

மேலே சொன்ன எதிலும் அரிவாள்மனையை நுழைக்க முடியாது. அலகு மனையில் நிலையாக நிற்கிறது, போதாததற்கு வளைவு வேறு. எனவே கத்தியைக் கல்லுக்குக் கொண்டுபோவதற்குப் பதில் கல்லை அலகுக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய கல் அல்லது உருண்டையான செராமிக் கம்பி வாங்கிக்கொள்ளுங்கள். மனையை அசையாமல் வைத்து, அலகின் பக்கவாட்டில் உட்கார்ந்து, கல்லை முதுகிலிருந்து விளிம்பை நோக்கிச் சரிவாக வழியுங்கள். விரல்கள் கல்லின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பழைய இரும்பு அலகு சீக்கிரம் கூராகும், சீக்கிரம் துருவும் பிடிக்கும். துடைத்து ஈரமில்லாமல் வைத்தால் போதும். நுனியில் உள்ள தேங்காய்த் துருவியின் பற்களைக் கல்லில் தொடாதீர்கள், அதற்குச் சிறிய முக்கோண அரம்தான்.

பல் பல்லாக வெட்டிய பிரெட் கத்தியையும் தட்டையான கல்லில் தேய்க்கக் கூடாது. மெல்லிய செராமிக் கம்பியால் ஒவ்வொரு பள்ளத்தையும் தனித்தனியே, சரிவு இருக்கும் பக்கம் மட்டும் தீட்டலாம். ஐம்பது ரூபாய்க் கத்திக்கு அந்த உழைப்பு வேண்டாம், புதிது வாங்கிவிடுங்கள்.

ஆக, கையில் ஆயிரம் ரூபாய் வைத்துக்கொண்டு எதை வாங்குவது என்று கேட்டால், ஒரு இரட்டைக் கல்லும் ஒரு மரப்பலகையும் என்பேன். மீதி இருந்தால் செராமிக் கம்பி. வாரத்துக்கு ஒருமுறை கம்பியில் நான்கு இழுப்பு. தக்காளி மறுபடி வழுக்கத் தொடங்கும்போது கல். தினமும் சமைக்கிற வீட்டில் அது ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும்.

கல்லும் தேயும். கத்தி நடுவிலேயே அதிகம் ஓடுவதால் அங்கே குழி விழும், குழிந்த கல்லில் கோணம் நிற்காது. கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, டைல்ஸில் ஒட்டவைத்த முரட்டு வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். ஓரக் கோடுகள் முதலில் மறையும். நடுவில் இருப்பவையும் மறைந்ததும் நிறுத்திக் கழுவி, வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிடுங்கள்.